உறையும் மதிப்புரையும்: தற்சார்புக் கணினி விளையாட்டுகளும் நெகிரி செம்பிலான் தோட்டப்புறமும்

முன்னுரை

மலேசியத் தமிழர்தம் தோட்டப்புற வாழ்வை ஆராய்ந்தோர் கூலி முறை, கங்காணி முறை, கள்ளுக்கடை, கோயில், தமிழ்ப்பள்ளி, தொழிற்சங்கம் எனப் பலவற்றையும் விரிவாகப் பதிவு செய்துள்ளனர். விளையாட்டு என்னும் தலைப்பின்கீழ் வருவனவோ பெரும்பாலும் கபடி, பல்லாங்குழி, பாண்டி, கோலி, பம்பரம் ஆகியனவே. 1980களின் இறுதியிலிருந்து லயத்து வீடுகளின் முன்கூடத்தில், தொலைக்காட்சிப் பெட்டியின் எதிரே அமர்ந்து ஒரு தலைமுறைச் சிறுவர்கள் ஆடிய ஆட்டங்கள் நம் ஆய்வுப் பரப்புக்குள் இன்னும் முறையாக வந்து சேரவில்லை. அவை இறக்குமதிச் சரக்கு, படிப்பைக் கெடுப்பவை, தமிழியலுக்குப் புறம்பானவை என்பன பொதுவாகக் கூறப்படும் காரணங்கள். இசைத்தட்டும் திரைப்படமும்கூட இறக்குமதிச் சரக்காகவே தோட்டத்துக்குள் நுழைந்தன. அவற்றை ஆராயத் தயங்காத நாம் இதற்கு மட்டும் தயங்குவது பொருந்தாது.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் நெறிப்படுத்திய இறுதியாண்டு மாணவி ஒருவர் இப்பொருளில் ஆய்வேடு எழுத முன்வந்தார். பகாவ், சிலியாவ், லாபு வட்டாரங்களில் தோட்டத்தைவிட்டுக் குடிபெயர்ந்த குடும்பங்களைச் சந்தித்து, பழைய விளையாட்டுப் பொருள்களைத் திரட்டினார். மஞ்சள் நிறப் பேழைகள் சிலவும், மெல்லிய நெகிழி உறையிலிட்ட குறுவட்டுகள் இரண்டு கட்டும் கிடைத்தன. பெட்டிகள் இல்லை; குறிப்பேடுகள் இல்லை; ஆக்கியோர் பெயரோ வெளியிட்ட ஆண்டோ எதிலும் இல்லை. அவற்றைக் குறித்து அக்காலத் தமிழ் ஏடுகளில் ஏதேனும் எழுதப்பட்டுள்ளதா எனத் தேடி அவர் செலவிட்ட இரண்டு மாதங்களும் வீணாயின. ஆய்வேட்டை மதிப்பிட்டவர் முதன்மைச் சான்று போதாது என்று எழுதினார். அம்முடிவு முறையானதே. ஆனால், சான்று ஏன் இல்லை என்னும் வினாவை அவ்வாய்வேடும் எழுப்பவில்லை, நாமும் அப்போது எழுப்பச் சொல்லவில்லை. அக்கடனைத் தீர்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

பெருநிறுவனத்தின் முதலீட்டையோ வெளியீட்டாளரின் கட்டளையையோ சாராது, தனியாளோ சிறு குழுவோ ஆக்கி வெளியிடும் கணினி விளையாட்டைத் 'தற்சார்பு விளையாட்டு' என்று இங்குக் குறிக்கிறோம். பொருளைச் சூழ்ந்துள்ள பெட்டி, உறை, அட்டைப்படம், உள்ளிடப்படும் தாள் ஆகிய அனைத்தையும் 'பொதிவு' என்னும் ஒரே சொல்லால் சுட்டுகிறோம். பொதிவும் இதழில் வரும் மதிப்புரையும் வணிகத் துணைக்கருவிகள் என்பதே பொதுவான எண்ணம். அவையே ஒரு விளையாட்டுக்கு ஆக்கியோன் உண்டு என்பதைக் காலத்துக்குச் சொல்லும் சான்றுகள் என்பது நம் கருத்து.

மஞ்சள் பேழை

மாணவிக்குக் கிடைத்த பேழைகள் ஜப்பானிய நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட ஃபேமிகாம் என்னும் விளையாட்டுக் கருவிக்கு உரியவை. அக்கருவியின் ஜப்பானிய வடிவில் உரிமம் பெறாத பேழைகளைத் தடுக்கும் பூட்டுச் சில்லு இல்லை; 1985இல் அமெரிக்கச் சந்தைக்கென வந்த வடிவிலேயே அது சேர்க்கப்பட்டது. இந்த ஒரு குறையே தைவானிலும் ஹாங்காங்கிலும் நகற்கருவித் தொழில் பெருகக் காரணமாயிற்று. மலேசியாவில் பரவலாக விற்பனையான 'மைக்ரோ ஜீனியஸ்' அவ்வகையைச் சேர்ந்ததே. இன்று நாற்பது வயதைக் கடந்த தோட்டத்துப் பிள்ளைகளிடம் நிண்டெண்டோ என்றால் சற்று யோசிப்பர். மைக்ரோ ஜீனியஸ் என்றால் முகம் மலரும்.

நாம் பிறந்து வளர்ந்தது போர்ட்டிக்சன் சாலையை ஒட்டிய ஒரு ரப்பர்த் தோட்டத்தில். எங்கள் தோட்டத்தில் மின்னாக்கி மாலை ஆறரைக்கு உயிர்பெற்று இரவு பத்துக்கு ஓய்ந்துவிடும். தோட்ட உரிமையாளர்கள் குடிநீரும் மின்சாரமும் வழங்க வேண்டும் என்பதை 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு, வசதிகள் சட்டம் வலியுறுத்தியது. எனினும் சட்டம் வேறு, லயத்து விளக்கு வேறு. மூன்றரை மணி நேர மின்சாரத்தில் செய்தி, தமிழ்ப்படம், பள்ளிப்பாடம் ஆகியவற்றோடு போட்டியிட்டுத்தான் இவ்விளையாட்டு தனக்கென ஓர் இடத்தைப் பிடித்தது. ஒரு வீட்டில் கருவி, மற்றொரு வீட்டில் பேழை, மூன்றாம் வீட்டில் வண்ணத் தொலைக்காட்சி என்று பொருள்கள் சிதறிக் கிடந்ததால் ஆட்டம் என்பதே ஒரு கூட்டு ஏற்பாடாக இருந்தது.

பேழையின் பொதிவு கவனிக்கத்தக்கது. பெட்டி கிடையாது. பேழையின் முகத்தில் ஒட்டப்பட்ட தாளே அதன் அட்டை, விளம்பரம், பொருளடக்கம் யாவும். '64 விளையாட்டுகள்', '999 விளையாட்டுகள்' என்றெல்லாம் எண்கள் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே இருப்பவை பத்தோ இருபதோதான். அவையே வெவ்வேறு கட்டங்களிலிருந்து தொடங்குமாறு திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டு எண்ணிக்கை உயர்த்தப்பட்டிருக்கும். தாளில் உள்ள படத்துக்கும் உள்ளிருக்கும் விளையாட்டுக்கும் பெரும்பாலும் தொடர்பிராது. இவற்றினும் முக்கியமானது, விளையாட்டின் தொடக்கத் திரையில் இருந்த நிறுவனப் பெயரும் காப்புரிமை வரியும் பல பேழைகளில் நீக்கப்பட்டிருந்தமையாகும். படியெடுத்தவர்கள் சட்டத்துக்கு அஞ்சியே அதனைச் செய்திருக்கலாம். விளைவு என்னவோ, விளையாட்டு பெற்றோர் அற்ற பிள்ளையாகத் தோட்டத்துக்குள் வந்தது என்பதுதான்.

பெயரற்று வந்ததற்குச் சிறுவர்கள் பெயரிட்டனர். நாம்கோ நிறுவனம் 1985இல் வெளியிட்ட 'பேட்டில் சிட்டி' எங்களுக்கு 'டேங்கு' ஆயிற்று. கொனாமியின் 'ரோட் ஃபைட்டர்' வெறுமனே 'காடி' ஆயிற்று. நாட்டுப்புறவியலார் வாய்மொழி வழக்காற்றுக்குக் கூறும் இலக்கணங்கள் பலவும், ஆக்கியோன் இன்மை, பெயர் வேறுபாடு, வட்டாரத் திரிபு உட்பட, இதற்கும் பொருந்துகின்றன. இதனைக் கண்டு மகிழ்ந்து இவற்றையும் நாட்டுப்புற விளையாட்டுகளாக வகைப்படுத்திவிடலாமே என்று நண்பர் ஒருவர் கருத்துரைத்தார். நாம் உடன்படவில்லை. பல்லாங்குழிக்கு ஆக்கியோன் இல்லை. 'டேங்கு' விளையாட்டுக்கு உண்டு. முன்னதில் பெயரின்மை இயல்பு, பின்னதில் அது செயற்கையாக நிகழ்த்தப்பட்டது. இவ்வேறுபாட்டை அழிக்கும் வகைப்பாடு ஆய்வுக்கு உதவாது.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. 1970களிலிருந்து சிரம்பான், செனவாங் வட்டாரத்தில் எழுந்த மின்னணுத் தொழிற்சாலைகளுக்குத் தோட்டத்துப் பெண்கள் பலர் வேலைக்குச் சென்றனர். தொழிற்சாலைப் பேருந்து விடியற்காலையில் தோட்டத்து முச்சந்தியில் வந்து நிற்கும். நம் உறவினர் சிலரும் நுண்பெருக்கியில் கண்பதித்துச் சில்லுகளைச் சோதிக்கும் பணியில் இருந்தவர்களே. அவர்கள் கைபட்ட சில்லுகள் எந்நாட்டில் எக்கருவிக்குள் சென்று அமர்ந்தன என்பதையும் எந்தப் பொதிவும் கூறுவதில்லை.

பெயருக்கான போராட்டம்

ஆக்கியோன் பெயரை மறைப்பது தைவான் படியெடுப்பாளர்களின் கண்டுபிடிப்பன்று. அமெரிக்காவில் இத்தொழிலின் தொடக்கக் காலத்தில் பெருநிறுவனமே அதனைச் செய்தது. அட்டாரி நிறுவனம் 1970களில் தன் விளையாட்டுகளை ஆக்கிய நிரலாளர்களின் பெயரைப் பெட்டியில் அச்சிட மறுத்தது. 'அட்வெஞ்சர்' என்னும் விளையாட்டை ஆக்கிய வாரன் ராபினெட், எளிதில் கண்டறிய முடியாத ஓர் அறையை விளையாட்டினுள் அமைத்து, அதன் சுவரில் தம் பெயரைப் பொறித்துவிட்டு நிறுவனத்தைவிட்டு விலகினார். அதனைக் கண்டறிந்து நிறுவனத்துக்கு எழுதியவர் பதின்ம வயதுச் சிறுவர் ஒருவர். கோயில் தூணின் மறைவில் தன் உருவைச் செதுக்கிச் சென்ற சிற்பியை நினைவூட்டும் செயல் இது. அதே நிறுவனத்தைவிட்டு வெளியேறிய டேவிட் கிரேன் உள்ளிட்ட நால்வர் 1979இல் ஆக்டிவிஷன் நிறுவனத்தைத் தோற்றுவித்தபோது, ஆக்கியோர் பெயரை வெளிப்படையாக அறிவிப்பதை ஒரு கொள்கையாகவே கொண்டனர்.

பேழைக்குச் சில்லுத் தொழிற்சாலை தேவை. எனவே, அத்துறையில் தனியாள் நுழைவது அரிது. நெகிழ்வட்டின் நிலை வேறு: இரு வட்டியக்கிகள் இருந்தால் வீட்டு மேசையிலேயே படியெடுக்கலாம். தற்சார்பு விளையாட்டின் பொதிவு வரலாறு ஆகவே நெகிழ்வட்டோடும் நெகிழிப் பையோடும் தொடங்குகிறது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகருக்கு அருகே கணினிக் கடையொன்றில் பணியாற்றிய ரிச்சர்டு கேரியட் என்னும் மாணவர், தாம் எழுதிய 'அக்கலபெத்' விளையாட்டை இருநூறு டாலர் அளவு செலவிட்டுப் பைகளில் இட்டு அக்கடையிலேயே தொங்கவிட்டார். படியெடுத்த தாள் அட்டையாயிற்று. அதற்கான ஓவியத்தை வரைந்தவர் அவருடைய தாயார். அங்கு விற்றவை சிலவே. ஆயினும் ஒரு படி கலிபோர்னிய வெளியீட்டாளர் ஒருவரை எட்டியது. 1980இல் அது நாடளாவிய விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் கென், ரொபெர்ட்டா வில்லியம்ஸ் இணையர் 'மிஸ்டரி ஹவுஸ்' விளையாட்டை வீட்டிலிருந்தே பைகளில் இட்டு, கணினி இதழ் விளம்பரத்தின் வாயிலாக விற்றனர். பையில் இருந்தவை வட்டு, தாள், முகவரி ஆகிய மூன்றே. அம்மூன்றாவது பொருளின்மீதே இக்கட்டுரையின் கவனம் முழுதும் உள்ளது.

பொதிவு வளமுற்ற வரலாற்றை விரைந்து கடக்கலாம். 1982இல் இன்ஃபோகாம் நிறுவனத்தார் 'டெட்லைன்' என்னும் துப்பறியும் விளையாட்டை வெளியிட்டபோது, வட்டில் இடம் போதாமையால் காவல்துறை வாக்குமூலங்கள், ஆய்வகக் குறிப்பு, மாத்திரைப் பொட்டலம் முதலியவற்றைத் தனித்தனிப் பொருளாகவே உறைக்குள் வைத்தனர். படியெடுப்போர் வட்டைப் படியெடுக்கலாம், மாத்திரைப் பொட்டலத்தை எடுக்க முடியாது என்பது பின்னர்த் தெரியவந்த ஆதாயம். 1983இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் இசைத்தட்டு உறையைப் போன்ற சதுர மடிப்புறையில் ஆக்கியோரைக் கலைஞர்களாக முன்னிறுத்தியது. இங்கிலாந்திலோ 1983இல் தோன்றிய மாஸ்டர்டிரானிக் நிறுவனம் ஒலிநாடாவில் பதிந்த விளையாட்டுகளை இரண்டு பவுனுக்கும் ஒரு பென்னி குறைவான விலைக்குச் செய்தித்தாள் கடைகளிலும் பெட்ரோல் நிலையங்களிலும் விற்றது. மிட்டாய்க்கு அருகே தொங்கும் பொருளானது விளையாட்டு.

பகிர்வு வட்டும் களவு வட்டும்

நெகிரி செம்பிலானை மீண்டும் நோக்குவோம். 1990களில் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறத் தொடங்கின. இன்றைய சிரம்பான் 2, பண்டார் ஸ்ரீ செண்டாயான் ஆகியன முன்னைய தோட்ட நிலங்களில் எழுந்தவை. குடிபெயர்ந்த குடும்பங்கள் நகரின் ஓரத்து மலிவு வீடுகளில் குடியேறின. பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் கணினியைக் கண்டனர். சிலர் வீட்டிலும் பழைய கணினி புகுந்தது. பேழையின் காலம் முடிந்து வட்டின் காலம் பிறந்தது.

இக்கட்டத்தில்தான் ஒரு விந்தையான மயக்கம் நேர்ந்தது. 1987 முதல் அமெரிக்காவின் ஸ்காட் மில்லர் தம் அப்போஜி நிறுவனத்தின் வழி ஒரு விற்பனை முறையைப் பரப்பினார். விளையாட்டின் முதற்பகுதியை எவரும் இலவசமாகப் படியெடுத்துப் பிறருக்கு வழங்கலாம். எஞ்சிய பகுதிகள் வேண்டுவோர் பணம் அனுப்பிப் பெறலாம். 'பகிர்வு மென்பொருள்' என அழைக்கத்தக்க இம்முறையில் வந்தவற்றுள் புகழ் மிக்கது, இட் சாஃப்ட்வேர் என்னும் சிறு குழு 1993 டிசம்பர் 10ஆம் நாள் வெளியிட்ட 'டூம்'. கடைக்காரர்கள் அதன் பகிர்வுப் பகுதியைத் தாமே உறையிட்டு விற்று, வரும் பணத்தைத் தாமே வைத்துக்கொள்ளவும் அக்குழுவினர் இசைந்தனர். விளையாட்டு எங்கும் பரவ வேண்டும் என்பதே அவர்தம் கணக்கு.

சிரம்பான் கடையொன்றில் நெகிழி உறைக்குள் இருந்த இத்தகைய வட்டுக்கும் அதன் அருகே இருந்த களவு வட்டுக்கும் புறத்தோற்றத்தில் வேறுபாடு இல்லை. முன்னது ஆக்கியோன் விரும்பிக் கொடுத்த படி. பின்னது அவன் அறியாது எடுக்கப்பட்ட படி. இரண்டும் ஒரே மெல்லிய உறை, ஒரே கைப்பட எழுதிய தலைப்பு, ஏறத்தாழ ஒரே விலை. பகிர்வு வட்டினுள் இருந்த அறிமுகக் கோப்பில் ஆக்கியோர் பெயரும் பணம் அனுப்ப வேண்டிய முகவரியும் இருந்தன. ஆனால், அவ்வாங்கிலக் கோப்பைத் திறந்து படித்தவர் எத்துணைப் பேர்? நாம் படிக்கவில்லை. பகிர்வு முறை என்பது ஒரு நாணய ஒப்பந்தம். தற்சார்பு ஆக்கியோன் முகமறியா வாசகனிடம் வைத்த நம்பிக்கை. களவு வட்டுகளின் நடுவே அந்நம்பிக்கை அடையாளம் தெரியாமல் போயிற்று.

களவு வட்டை அறநோக்கில் மட்டும் கண்டிப்பது எளிது. கணினி நிரலுக்கும் காப்பு வழங்கும் காப்புரிமைச் சட்டம் 1987 டிசம்பர் 1ஆம் நாள் மலேசியாவில் நடைமுறைக்கு வந்துவிட்டது. 2000இல் ஒளிவட்டுச் சட்டமும் இயற்றப்பட்டது. ஆனால், 2001இல் தோட்டத் தொழிலாளருக்கு நெடிய போராட்டத்திற்குப்பின் ஏற்கப்பட்ட மாதச் சம்பளத்தின் அடிப்படைத் தொகை 325 வெள்ளி. பெட்டியுடன் கூடிய அசல் விளையாட்டு நூறு வெள்ளிக்குக் குறையாது. பாசார் மாலாம் எனப்படும் இரவுச் சந்தையில் உறைவட்டு ஐந்து முதல் பத்து வெள்ளி. இக்கணக்கில் தோட்டத்துப் பிள்ளையின் தேர்வு என்னவாக இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அவன் இழந்ததை மட்டும் குறிப்பிடல் வேண்டும். களவு வட்டு அவனுக்கு ஆட்டத்தைத் தந்தது. இதனை ஆக்கியவன் ஒருவன் இருக்கிறான், அவனும் ஒரு சிறிய அறையில் இருப்பவன்தான், நீயும் ஆக்கலாம் என்னும் செய்தியைத் தரவில்லை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பதின்ம வயதினர் ஆட்டக்காரர்களாக இருந்து ஆக்குநர்களாக மாறியதில், உறையில் அச்சிடப்பட்ட பெயருக்கும் வீட்டு முகவரிக்கும் பங்கு உண்டு என்று கருதுகிறோம்.

ஏடுகளின் மௌனம்

முனைவர் பட்ட ஆய்வுக்காக இங்கிலாந்தில் தங்கியிருந்த காலத்தில், நம் ஆய்வுப்பொருளுக்குத் தொடர்பற்ற ஒரு தேடலில் 'கிராஷ்' என்னும் மாத இதழின் பழைய படிகளை நூலகத்தில் புரட்ட நேர்ந்தது. 1984இல் தொடங்கப்பட்ட அவ்விதழில் ஒவ்வொரு விளையாட்டையும் ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்புரையாளர்கள் ஆடித் தத்தம் கருத்தை எழுதினர். இறுதியில் விழுக்காட்டில் மதிப்பெண் வழங்கப்பட்டது. ஒருவர் புகழ்ந்ததை மற்றவர் மறுத்தார். பெருநிறுவன வெளியீடும் தனியாள் வெளியீடும் அதே பக்கத்தில் அதே அளவுகோலால் அளக்கப்பட்டன. குறைந்த மதிப்பெண் பெற்ற விளையாட்டுக்கும் பெயர், விலை, வெளியிட்டோர் என்னும் குறிப்பு தவறாமல் உண்டு. இகழப்பட்டதும் பதிவு பெற்றது. மதிப்புரையின் வரலாற்றுப் பயன் அதன் தீர்ப்பில் இல்லை, தலைப்புக் குறிப்பில் உள்ளது என்பதை நாம் அன்று உணர்ந்தோம்.

நம் தமிழ் ஏடுகளை இதனோடு ஒப்பிடுவது நியாயமாகுமா என்ற வினா எழலாம். 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன் உள்ளிட்ட நாளேடுகள் குறைந்த ஆள்பலத்தோடும் விளம்பர வருவாயோடும் இயங்கியவை. நாம் வாசித்து வளர்ந்த பக்கங்களில் கணினி என்றால் கல்வி, வேலை வாய்ப்பு, தமிழ் எழுத்துரு ஆகியவையே. விளையாட்டு என்றால் பிள்ளைகளின் கண்ணையும் தேர்வையும் கெடுக்கும் பகை. விளையாட்டை ஒரு படைப்பாகக் கருதி எழுதிய பத்தி ஒன்றேனும் நம் நினைவில் இல்லை.

ஆனால், தற்சார்பு வெளியீடு என்பது நம் ஏடுகளுக்கு அந்நியமான செய்தி அன்று. மலேசியத் தமிழ் நூல் வெளியீட்டின் பெரும்பகுதி தற்சார்பானதே. எழுத்தாளர் தம் சேமிப்பில் அச்சிடுவார். மண்டபம் எடுத்து விழா நடத்துவார். புரவலர் ஒருவர் முதல் நூலைப் பெறுவார். மாலையும் பொன்னாடையும் மாறும். சில நாள்களில் நாளேட்டில் நிழற்படத்துடன் செய்தி வரும். அச்செய்தியில் புரவலரின் பெயர் பெரிதாகவும் நூலின் உள்ளடக்கம் சிறிதாகவும் இருப்பது பலரும் நகைக்கும் குறை. நாமும் நகைத்ததுண்டு. எனினும், இன்று உள்நாட்டு நூல் வரலாற்றை எழுதுவோருக்கு ஆக்கியோன் பெயர், நாள், இடம், விலை ஆகியவற்றைத் தருவது அந்தச் செய்தித்துணுக்குகளே. 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் சேமிப்புச் சட்டத்தின்படி தேசிய நூலகத்துக்கு அனுப்பப்படாத நூல்களுக்குச் சில வேளைகளில் அதுவே ஒரே சான்று. உள்ளடக்கம் பேசாத செய்தியும் ஆவணம்தான். கணினி விளையாட்டுக்கு அந்தத் துணுக்குகூட வாய்க்கவில்லை.

பெட்டியற்ற வெண்பா

2003இல் தொடங்கிய 'ஸ்டீம்' இணையக் கடை, 2005 முதல் பிறர் ஆக்கிய விளையாட்டுகளையும் விற்கலாயிற்று. 2008இல் 'பிரெய்டு' என்னும் விளையாட்டு இணைய விற்பனையாலேயே தற்சார்பு ஆக்கத்துக்குப் பெருமதிப்பைப் பெற்றுத் தந்தது. தற்சார்பு விளையாட்டுகளுக்கென 1998இல் நிறுவப்பட்ட விழா இத்துறையின் முதன்மை விருதுக்களமாக வளர்ந்தது. பெட்டி மறைந்தது. பெட்டிக்குப் பதில், கடைப்பக்கத்தில் ஒரு சிறு செவ்வகப் படம், சில வரி விளக்கம், ஒரு முன்னோட்டக் காட்சி. 2023இல் மட்டும் அக்கடையில் பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட புதிய விளையாட்டுகள் சேர்ந்தன. அலமாரியில் இடம் பிடிப்பது அன்று கடினம். இன்று அலமாரிக்கு எல்லை இல்லை, கண்ணில் படுவதே கடினம்.

அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் வெளிவந்தது 'வெண்பா'. கனடாவின் டொராண்டோ நகரைச் சேர்ந்த விசை கேம்ஸ் என்னும் சிறு குழுவின் ஆக்கம் இது. 1980களில் அந்நகரில் குடியேறிய தமிழ்க் குடும்பமொன்றின் கதை. தாய் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். ஆட்டம் முழுதும் சமையலே. தாயின் தாய் எழுதிய சமையற் குறிப்பேடு சிதைந்து, மை பரவி, பாதி படிக்க இயலாததாய் இருக்கிறது. இட்லித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி ஒழுங்காக ஏறும், புட்டுக்குழலில் எது முதலில், பிரியாணியில் எந்த அடுக்கு எப்போது என்பவற்றை ஆடுவோர் ஊகித்து நிரப்ப வேண்டும். பின்னணிப் பாடல்கள் அந்தந்தக் காலத் தமிழ்த் திரையிசையின் சாயலில் அமைந்துள்ளன. 2024இல் இது மேற்சொன்ன தற்சார்பு விழாவின் பெரும்பரிசையும், பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் முதல் ஆக்கத்துக்கான விருதையும் வென்றது. ஒன்றரை மணி நேரத்தில் ஆடி முடிக்கத்தக்க ஒரு தமிழ்ச் சமையலறைக் கதை உலக இதழ்களில் பேசப்பட்டது.

நாம் வாசித்த ஆங்கில மதிப்புரைகள் குடிபெயர்வு, தாய் மகன் பிணக்கு, உணவு ஆகியவற்றை நன்கு கவனித்தன. ஆனால், தலைப்பு ஒரு யாப்பின் பெயர் என்பதும், பாவலன், கவின் என்னும் பெயர்கள் அதனோடு சேர்ந்து இயங்குகின்றன என்பதும் அவற்றில் பெரிதும் பேசப்படவில்லை. செப்பலோசையும் வெண்டளையும் கற்பிக்கும் ஆசிரியர்களே அதனை எழுதத் தகுதியுடையோர். வகுப்பில் நாம் இவ்விளையாட்டைக் காட்டியபோது, சிரம்பானிலிருந்து வரும் மாணவர் ஒருவர் இட்லித் தட்டை அடுக்கும் காட்சியில் வாய்விட்டுச் சிரித்தார். தம் பாட்டி தோட்டத்தில் அதனைத் துணி விரித்துச் செய்வார் என்றார். கதையில் அக்குடும்பம் டொராண்டோவில் இறங்கிய அதே காலத்தில் அப்பாட்டி பால்மரத்துக்குச் சென்றுகொண்டிருந்தார்.

ஒரு கவலையும் உண்டு. கடைப்பக்கம் நீக்கப்பட்டால் விளையாட்டு என்னவாகும்? பெட்டி இல்லாததால் பரணில் தேடவும் வழியில்லை. 2015இல் தோன்றிய லிமிடெட் ரன் கேம்ஸ் போன்ற நிறுவனங்கள் இணையத்தில் மட்டும் வந்த விளையாட்டுகளைக் குறைந்த எண்ணிக்கையில் பெட்டியிட்டு விற்பது இவ்வச்சத்தையே முதலாகக் கொண்ட வணிகம். பெருநிறுவனத்தின் ஆடம்பரமாகத் தொடங்கிய பெட்டி இன்று தற்சார்பு ஆக்கத்தின் நினைவுச்சின்னமாகிவிட்டது. வெண்பாவுக்கோ நூற்றுக்கணக்கான மதிப்புரைகள் உள்ளன; கடைப்பக்கம் நாளை அழிந்தாலும் அதை ஆக்கியோர் யார் என்பது அழியாது.

பேழைகளுக்கு எழுதிய அட்டை

மாணவி திரட்டிய பொருள்கள் இப்பொழுது நம் அறையின் அலமாரியில் உள்ளன. இக்கட்டுரைக்காக அவற்றை மீண்டும் எடுத்து, நூலக அட்டையைப் போன்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுத முற்பட்டோம். இயங்கும் நிலையில் இருந்த இரண்டு பேழைகளை நண்பர் ஒருவரின் கருவியில் இட்டு, உள்ளிருந்த பதினேழு விளையாட்டுகளுள் பதினைந்தை அடையாளம் கண்டோம். 'டேங்கு' என்பதற்கு எதிரே நாம்கோ, 1985 என்று எழுதினோம். 'காடி' என்பதற்கு எதிரே கொனாமி. இரண்டு மட்டும் அகப்படவில்லை. தொடக்கத் திரையில் பெயர் இருந்த இடம் கருமையாக உள்ளது.

குறுவட்டுகளின் உறையைப் புரட்டியபோது, முன்பு கவனியாத ஒன்று கண்ணில் பட்டது. உறைக்குள் செருகிய கோடிட்ட பயிற்சிப் புத்தகத் தாள்களில், நீல மைத்தூவலால், கோணலான தமிழ் எழுத்தில் விளையாட்டின் பெயரும் அதனருகே நட்சத்திரங்களும் வரையப்பட்டிருந்தன. 'சண்டை' என்பதற்கு ஐந்து நட்சத்திரம். 'கப்பல்' என்பதற்கு இரண்டு, அடைப்புக்குறிக்குள் 'கஷ்டம்'. ஒரு வட்டில் எதுவும் எழுதாமல் ஒரு குறுக்குக்கோடு மட்டும். ஆக்கியோன் என்னும் கட்டத்தை நிரப்ப அத்தாள்கள் உதவவில்லை. மதிப்புரை என்னும் கட்டத்தில் அந்நட்சத்திரங்களை அப்படியே படியெடுத்து வைத்தோம்.